'எந்தச் சரஸ்வதி?' என்று கேட்டவர்

எங்கள் பழைய வாட்ஸ்அப் குழுவில் நெடுநாளாக யாரும் எதுவும் எழுதுவதில்லை. அலுவலகத்துக்குப் புதிய மென்பொருள் வந்த காலத்தில் அந்த வேலைக்காகவே தொடங்கிய குழு அது. வேலை முடிந்த பிறகு யாரும் வெளியேறவுமில்லை, பேசவுமில்லை. போன வாரம் ஒரு காலையில், தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது, அந்தக் குழுவின் பெயர் கைப்பேசியில் மின்னியது. சிஸ்டம் மறுபடியும் எங்கோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தீவுப் பக்கம் இறங்கியதும் வண்டியை ஓரங்கட்டி எடுத்துப் பார்த்தேன். எங்கள் விற்பனைப் பிரிவில் இருந்த குமரன் எழுதியிருந்தார்.

"ஜமால் அண்ணே மௌத்தாயிட்டாரு. காலைல தொழுதுட்டு உக்காந்தவரு எந்திரிக்கல."

சிஸ்டம் உடையவில்லை என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அடுத்த கணம்தான் ஜமால் அண்ணன் இறந்துவிட்டார் என்பது மண்டையில் ஏறியது.

அந்தக் குழுவில் இருந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவரோடு வேலை செய்த வேறு நண்பர்களும் படிக்கலாம். நம்மில் பலருக்கு அவர் ஒரு தொல்லையாக இருந்தார். கூட்டம் முடிகிற நேரத்தில் கையைத் தூக்குகிறவர். எல்லோரும் சரி என்று சொன்ன பிறகு, "எனக்கு இதுல பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறவர். அலுவலகத்தில் ஒரு பெரிய மனிதர் பயம் என்ற சொல்லை அத்தனை வெளிப்படையாகச் சொல்லி நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஜமாலுதீன் என்பது முழுப் பெயர். குடும்பத்தினர் சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடை வைத்திருந்தவர்கள். அவர் கணினி படித்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டு, ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு மாறியிருந்தார். அந்த நிறுவனத்தின் சார்பில்தான் எங்களிடம் வந்தார்.

எங்கள் தொழிலைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டிலிருந்தபடியே ஆக்ஸிஜன் தேவைப்படும் நோயாளிகளுக்கு இயந்திரங்களை வாடகைக்குக் கொடுக்கிறோம். இயந்திரம் மின்சாரத்தில் ஓடும். மின்சாரம் போனால் சிலிண்டர் வேண்டும். அதைத் தோங் என்றுதான் எல்லோரும் சொல்வோம். நான் வாடிக்கையாளர் சேவையைப் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் விற்பனைக்காரர்கள் எக்செல் கோப்புகளில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் இருக்கும் எங்கள் கிடங்கு, வண்டிகளை அனுப்ப ஒரு பழைய மென்பொருளை வைத்திருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. நடுவில் நாங்கள் தொலைபேசியில் பேசிப் பேசிச் சமாளித்தோம். இதையெல்லாம் ஒன்றாக்கி, வாடிக்கையாளர் விவரம் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்கும் சி.ஆர்.எம் மென்பொருள் ஒன்றை நிர்வாகம் வாங்கியது. அதை எங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றி, கிடங்கின் மென்பொருளோடு இணைத்துத் தருவது ஜமால் அண்ணனின் பொறுப்பு.

முதல் கூட்டத்தில், புதிய சிஸ்டத்தின் படிவத்தைத் திரையில் போட்டார்கள். முதல் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். ஜமால் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"மல்லிகா, உங்க குடும்பப் பேரு என்ன?"

"அப்பா பேரு கோவிந்தன் அண்ணே."

"அது உங்க அப்பா பேரு. இதுல போட்டா நாளைக்கு உங்களுக்கு 'அன்புள்ள கோவிந்தன்'னு மெசேஜ் வரும். எனக்கு வர்றது எங்க வாப்பா பேருக்கு வரும். அவரு கபர்ல இருக்காரு."

எல்லோரும் சிரித்தோம். எங்கள் இயக்குநரும் சிரித்தார். ஜமால் அண்ணன் சிரிக்கவில்லை. "பேருலயே தடுமாறுது. அப்ப ஆள எப்படிக் கண்டுபிடிக்கும்?" என்றார். அதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கட்டங்களை ஒரே கட்டமாக மாற்றிக் கொடுத்தார்; விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

அடுத்து வந்தது கட்டங்களின் படையெடுப்பு. ஒவ்வொரு பிரிவும் தனக்கு வேண்டியதைக் கேட்டது. எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டார்கள், எந்த மருத்துவர் அனுப்பினார், வீட்டில் எத்தனை பேர்; எல்லாம் கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்கள். "கட்டம் கூடக் கூட பொய்யும் கூடும்" என்று ஜமால் அண்ணன் சொல்லிப் பார்த்தார். கேட்டதைச் செய்து கொடுக்கும்படி அவருடைய முதலாளியே சொல்லிவிட்டதால் செய்து கொடுத்தார். சோதனைக்கு வைத்த சில நாட்களிலேயே எல்லாக் கட்டங்களிலும் வெறும் புள்ளிகள் வந்து விழுந்தன. குமரன்தான் காரணம்.

"ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தன் அப்பாவுக்கு மூச்சு முட்டுதுன்னு அழுதுகிட்டு நிக்கிறான் அண்ணே. அவன்கிட்ட போய், எங்களப் பத்தி எப்படித் தெரியும்னு கேக்கச் சொல்றீங்களா? ஒரு புள்ளி வச்சிட்டுப் போயிருவேன் லா. சிஸ்டம் விட்டுரும்."

இன்னொருவராக இருந்தால் புகார் எழுதியிருப்பார். ஜமால் அண்ணன் மறுநாள் குமரனின் காடியில் முன் சீட்டில் ஏறிக்கொண்டு அவரோடு நாள் முழுக்கச் சுற்றினார். திரும்பி வந்து பாதிக்கு மேற்பட்ட கட்டங்களைத் தூக்கிவிட வைத்தார். ஐசி எண்ணை மட்டும் விடவே இல்லை. ஒரே பெயரில் எத்தனை பேர் இருந்தாலும் அடையாள அட்டை எண் ஒருவருக்கு ஒன்றுதானே. ஆனால் பழைய எக்செல் கோப்புகளிலிருந்து வந்த விவரங்களில் அந்த எண்ணும் பல இடங்களில் காலியாகவே இருந்தது. அவருடைய கவலை அங்கேதான் தொடங்கியது.

சிஸ்டத்தைத் தொடங்குவதற்கு முன்பு விவரங்களைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். ஒரே ஆள் விற்பனைக் கோப்பில் ஒரு முறையும் கிடங்குக் கோப்பில் ஒரு முறையும் இருப்பார். அவற்றை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஐசி எண் இல்லாத இடங்களில் என்ன செய்வது? பெயரும் தொலைபேசி எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் இயக்குநர்.

"போன் நம்பரு ஆளு இல்ல சார்" என்றார் ஜமால் அண்ணன். "மகளோட நம்பரு இருக்கும். நர்ஸ் நம்பரு இருக்கும். ஒவ்வொருத்தருக்கா கூப்பிட்டுக் கேட்டுட்டு அப்பறம் சேர்ப்போம். கொஞ்சம் தள்ளி வைங்க."

தொடங்கும் தேதியைத் தலைமையகத்துக்குச் சொல்லியாகிவிட்டது, தள்ள முடியாது என்றார் இயக்குநர். ஜமால் அண்ணனின் முதலாளியும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்.

"எனக்கு இதுல பயமா இருக்கு சார்."

"உனக்கு எதுலதான் பயமில்ல, ஜமால்?" என்றார் இயக்குநர்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெளியே வந்து லிப்டுக்காகக் காத்திருந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சத்தம் போடற தப்பு வந்தா கவலை இல்ல மல்லிகா. திரையில சிவப்பா வரும், புடிச்சிரலாம். பச்சையா காட்டிக்கிட்டு உள்ள தப்பா இருந்தா என்ன செய்வீங்க?"

சிஸ்டம் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே, செபராங் பிறையின் தென்பகுதியில் பராமரிப்பு வேலைக்காக மதியம் மின்சாரம் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. சுங்கை பாக்காப் வட்டாரம் முழுவதும் அதில் இருந்தது. புதிய சிஸ்டம் அந்த வட்டார முகவரிகளைத் தானாகவே பொறுக்கி எடுத்து, தோங் அனுப்பும்படி கிடங்குக்கு ஆணை கொடுத்துவிட்டது. வண்டிகள் காலையிலேயே கிளம்பின. தோங் போய்ச் சேரச் சேர, திரையில் ஒவ்வொரு வீடாகப் பச்சை நிறம் விழுந்துகொண்டே வந்தது. இயக்குநர் என் மேசைக்கு வந்து பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு போனார்.

ஜமால் அண்ணன் எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தார். என் மேசைக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார்.

"இன்னிக்கு யாராவது போன் பண்ணாங்களா?"

"இல்ல அண்ணே. ரொம்ப அமைதியா இருக்கு."

"வழக்கமா கரண்டு கட்டுனா எப்படி இருக்கும்?"

"காலைலேருந்து போன் அடிச்சுக்கிட்டே இருக்கும்."

"அந்தப் பக்கத்துலேருந்து கண்டிப்பா கூப்பிடற ஆளு யாரு?"

யோசித்தேன். சிஸ்டர் புஷ்பா நினைவுக்கு வந்தார். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் தாதி. அவருடைய பொறுப்பில் இருப்பவர்களுக்காக விடாமல் கூப்பிட்டுத் தொந்தரவு செய்கிறவர். கூப்பிடச் சொன்னார் ஜமால் அண்ணன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சிஸ்டர், இன்னிக்கு கரண்டு போகுதே. நீங்க கூப்பிடவே இல்லயே?"

"எதுக்கு மல்லிகா? சரஸ்வதிக்கு தோங் கொடுத்தாச்சுன்னு உங்க மெசேஜ் வந்துச்சே. நான் அவங்க வீட்டுக்காரருக்கும் சொல்லிட்டேன்."

ஜமால் அண்ணன் தொலைபேசியின் பக்கம் குனிந்தார். "எந்த சரஸ்வதி?"

"சுங்கை பாக்காப் சரஸ்வதி... இருங்க. பாகான் டாலாம்லயும் ஒரு சரஸ்வதி இருக்காங்க. ஐயோ, ரெண்டு பேருக்கும் என் நம்பருதான்."

அவ்வளவுதான். இரண்டு பெண்களையும் சிஸ்டம் ஒரே ஆளாகச் சேர்த்திருந்தது. பாகான் டாலாம் முகவரியை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கழித்துவிட்டது. அன்று வழக்கம்போலப் போன வண்டி பாகான் டாலாம் வீட்டில் தோங் இறக்க, அந்தச் செய்திதான் சிஸ்டருக்குப் போயிருக்கிறது. சிஸ்டத்தின் கணக்கில் சுங்கை பாக்காப்பில் சரஸ்வதி என்று ஒருவரே இல்லை. இல்லாத ஆளுக்குத் திரை எப்படிச் சிவப்புக் காட்டும்?

சிஸ்டர் கொடுத்த கணவரின் எண்ணைக் கூப்பிட்டால் மணி அடிக்கவில்லை. வண்டிகள் எல்லாம் வேறு திசைகளில் இருந்தன. ஆம்புலன்ஸைக் கூப்பிடும்படி குமரனிடம் சொல்லிவிட்டு, ஜமால் அண்ணன் காடிச் சாவியை எடுத்தார். "நீங்க வாங்க. எனக்கு தோங் மாட்டத் தெரியாது" என்றார்.

அவர் மெதுவாக ஓட்டுகிறவர். அன்றும் வேகமாக ஓட்டத் தெரியாமல், ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ ஓதியபடி ஓட்டினார். பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றிருந்தது. வண்டிகள் ஊர்ந்தன. கடல் பக்கம் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

"அந்த மெஷின்ல பேட்டரி இருக்கா மல்லிகா?"

"இல்ல அண்ணே. வீட்ல வைக்கிற பெரிய மெஷின்."

சற்று நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டார். நானும் அதையே மறுபடியும் சொன்னேன். பிறையில் கிடங்கு வாசலில் ஒரு தோங்கைத் தயாராக வைத்திருந்தார்கள். அதைப் பின் இருக்கையில் கட்டிப்போட்டுக்கொண்டு தெற்கே போனோம். சுங்கை பாக்காப்பை நெருங்கும்போது, சந்திப்பில் சிக்னல் விளக்குகள் அணைந்து கிடந்தன. மின்சாரம் ஏற்கெனவே போய்விட்டது.

வரிசை வீடுகளில் ஒன்று. வாசலுக்கு வரும்போதே இயந்திரத்தின் எச்சரிக்கை ஒலி கேட்டது. அந்த அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். உதடுகள் கறுத்திருந்தன. பேச முடியவில்லை, தோள்கள் மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டன. கணவர் ஒரு செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஆம்புலன்ஸைப் பார்க்கத் தெருமுனைக்கு ஓடியிருந்தாள்.

குழாயை மாட்டி, திருகைத் திறந்து, அளவைச் சரிபார்த்தேன். பயிற்சியில் எத்தனையோ முறை செய்ததுதான், ஆனாலும் திருகு கைக்குள் வழுக்கியது. பிறகு காத்திருப்பதைத் தவிர வேறொன்றுமில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. தோள்களின் ஆட்டம் மெல்லக் குறைந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார் சரஸ்வதியம்மா. அதுதான் அவர் எங்களிடம் பேசிய முதல் வார்த்தை.

ஆம்புலன்ஸ் வந்து, அவரைப் பரிசோதனைக்காக மருத்துவமனைக்கு ஏற்றியது. கணவர் சட்டையை மாட்டிக்கொண்டே எங்களிடம் சொன்னார்: "சிஸ்டர் போன் பண்ணி, தோங் கொடுத்தாச்சுன்னு சொன்னாங்க. அப்பறம் போன்ல பேட்டரி போயிருச்சு. நானும் வாங்கி எங்கயோ வச்சிட்டேன்னு நெனச்சேன் தம்பி. வயசாச்சு பாருங்க. கட்டிலுக்கு அடியில, பின்கட்டுல, பாத்ரூம்ல எல்லாம் தேடிட்டேன்."

ஜமால் அண்ணன் அதுவரை நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. அதைக் கேட்டதும் வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான். "தேடியிருக்காரு மல்லிகா. நம்ம சிஸ்டம் சொன்ன பொய்ய நம்பி, தன் மேலயே சந்தேகப்பட்டு, வீடு பூரா தேடியிருக்காரு."

அடுத்த நாள் நடந்த கூட்டத்தில் நான் இருந்தேன். விவரங்கள் சரியில்லாததால் நேர்ந்த பிழை, அதற்கு எங்கள் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லும்படி ஜமால் அண்ணனின் முதலாளி அவரைத் தயார்படுத்தி அழைத்து வந்திருந்தார். தன் முறை வந்தபோது ஜமால் அண்ணன் எழுந்து நின்றார்.

"டேட்டா உங்களோடது. ஒண்ணா சேர்த்தது என்னோட கை. பயமா இருக்குன்னு சொன்னேன், ஆனா செஞ்சிட்டேன். இப்ப நிறுத்தணும். சேர்த்த எல்லாரையும் பிரிச்சு, ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுப் பேசி முடிக்கற வரைக்கும் இந்த சிஸ்டம் ஓடக்கூடாது."

இயக்குநருடைய தாயாரும் எங்கள் இயந்திரம் ஒன்றைப் பயன்படுத்துகிறவர் என்பது எங்களில் சிலருக்குத்தான் தெரியும். "நிறுத்து" என்றார் இயக்குநர்.

பிறகு வாரக்கணக்கில் எல்லோரும் தொலைபேசியோடு கிடந்தோம். தவறாக ஒன்று சேர்க்கப்பட்டவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். நல்லவேளையாக யாருக்கும் ஆபத்து நேர்ந்திருக்கவில்லை. ஜமால் அண்ணனும் எங்களோடு உட்கார்ந்து கூப்பிட்டார். மலாய்க்காரர் வீட்டில் மலாயிலும், சீனர் வீட்டில் அவருக்குத் தெரிந்த ஹொக்கியனிலும், நம் வீடுகளில் தமிழிலும் பொறுமையாகப் பேசினார். வேலை முடிந்து சிஸ்டம் சரியாக ஓடத் தொடங்கியபின், அவருடைய நிறுவனம் அவரை வேறு வேலைக்கு மாற்றியது. எங்கள் முன்னால் அப்படிப் பேசியதை அவர்கள் மறக்கவில்லை. கொஞ்ச காலத்தில் அவரே விலகி, சூலியா தெருவில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து சிறிய கிளினிக்குகளுக்கு வேலை செய்துகொண்டிருந்தார். நடுவில் எப்போதாவது என்னைக் கூப்பிடுவார். நலம் விசாரிப்பதற்கு முன்பே, "எல்லாம் ஓடுதா?" என்றுதான் கேட்பார்.

போன வாரம், அடக்கத்துக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஆயிஷா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுங்கை பாக்காப்ல கரண்டு போகுதுன்னா இவரு இங்க ஒரு இடத்துல உக்கார மாட்டாரு மா. வெளிய போவாரு, உள்ள வருவாரு. அந்த சரஸ்வதியம்மா இறந்து வருசமாச்சு, தெரியும்ல? அப்பவும் அப்படித்தான்." பிறகு சொன்னார்: "பயந்து பயந்தே நெஞ்சு போயிருச்சோன்னு எனக்குத் தோணுது."

ஜமால் அண்ணனிடம் பயத்தைக் கொடுத்துவிட்டு நாமெல்லாம் நிம்மதியாக இருந்தோமோ என்று தோன்றுகிறது.

இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் வேலையை விட்டுப் போவதற்கு முன் ஜமால் அண்ணன் எங்கள் சிஸ்டத்தில் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். தினமும் காலையில் வேண்டுமென்றே தவறான ஓர் ஆணை தானாக உருவாகும். முகவரி இல்லாத ஆணை. சிஸ்டம் அதைப் பிடித்து என் மேசையில் மணி அடிக்க வேண்டும். "அடிச்சா நிம்மதியா தே குடிங்க. அடிக்கலன்னா பயப்படுங்க" என்றார். அந்த ஆணைக்கு ஒரு வாடிக்கையாளர் வேண்டுமே. வேறு யாருடைய பெயரையும் பொய்க்குப் பயன்படுத்தக் கூடாது என்று, தன் பெயரையும் ஐசி எண்ணையும் போட்டிருந்தார்.

அடக்கத்துக்கு மறுநாள் காலை அந்த மணி அடிக்கவில்லை.

கிடங்கைக் கூப்பிட்டேன். வண்டிகள் கிளம்பிவிட்டன என்றார்கள். எந்தெந்த வீட்டுக்கு என்று ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு என் பிரிவில் வேலை செய்யும் ஷாலினி தயங்கியபடி வந்தாள்.

"அக்கா, அவரு பேரு கஸ்டமர் பட்டியல்ல இருந்துச்சு. ஒருத்தர் இறந்துட்டா அன்னிக்கே மூடிரணும், வீட்டுக்கு மெசேஜ் போயிடக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. அதான் நேத்து மூடிட்டேன். தப்பா அக்கா?"

மூடிய பெயருக்கு ஆணை உருவாகாது; அதனால்தான் மணி அடிக்கவில்லை. அந்த விதியையும் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னவர் ஜமால் அண்ணன்தான். அவள் செய்தது சரி. அப்படித்தான் செய்ய வேண்டும் என்றேன்.

அவள் போன பிறகு அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். 'மறைந்தவர்' என்ற கட்டத்தில் குறி இருந்தது. அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை, அப்படியே மூடினேன். புதிய வாடிக்கையாளர் ஒருவரைச் சேர்த்தேன். பெயர்க் கட்டத்தில் மல்லிகா என்று எழுதினேன். என் ஐசி எண்ணைக் கொடுத்தேன். முகவரியைக் காலியாக விட்டேன். நாள்தோறும் வரும் தவறான ஆணையை அந்தப் பெயருக்கு மாற்றினேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தப் பயம்தான். அதை இனி நான் வைத்துக்கொள்கிறேன் அண்ணே, நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குச் சீக்கிரமே போய், மேசையின் முன் உட்கார்ந்து காத்திருந்தேன். மணி அடித்தது.